வாணியோட இடது கன்னம்

லேசர் நல்லதா, ஊசி நல்லதான்னு என்னையா கேட்டீங்க. கேளுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். இப்படி உக்காருங்க, பேன் காத்து இங்கதான் வரும். இப்ப உள்ள போனது உங்க பொண்ணுதானுங்களே? மரத்துப்போற க்ரீம் பூசிப் படுக்க வெச்சிருப்பாங்க. அது ஊற முக்கா மணி நேரம் ஆகுமுங்க. அதுக்கப்பறந்தான் ஊசி. அவசரமே இல்ல.

பருத் தழும்புங்களா. பரவால்லைங்க, அது கேக்கும். கேக்கும்னா மொத்தமாப் போயிரும்னு நினைச்சுக்காதீங்க. மேடு பள்ளம் குறையும். வெளிச்சம் பக்கவாட்டுல விழறப்ப முன்ன மாதிரி தெரியாது. அவ்வளவுதானுங்க. அதுக்கு மேல ஆசை வெச்சா, என்னை மாதிரி மூணு கிளினிக் மாறணும்.

நான் டாக்டர் இல்லீங்க. பேரு ஈஸ்வரமூர்த்தி. பனியன் கம்பெனியில துணி செக்கிங். இருபத்திரண்டு வருஷமா அதேதான். ட்யூப் லைட்டுக்குக் கீழ துணி ஓடிக்கிட்டே இருக்கும், ஓட்டை, கறை, கோடு எங்க இருக்குன்னு பாத்து, குறைக்கு இத்தனைன்னு பாயிண்ட் போடணும். பாயிண்ட் ஏறுச்சுன்னா ரோலையே ஒதுக்கிருவோம். கண்ணு அப்படிப் பழகிருச்சுங்க. இப்ப நீங்க போட்டிருக்கற சட்டையில கூட, தோள்கிட்ட ஒரு தையல் விட்டுப்போயிருக்குது. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இது ஒரு வியாதின்னு எங்க வீட்டுல சொல்லுவா.

அவளுக்காகத்தானுங்க இத்தனையும் தெரிஞ்சுக்கிட்டேன். கோகிலவாணின்னு பேரு. வாணின்னுதான் கூப்பிடறது. மூணாம் வகுப்பு டீச்சர், இங்கதான் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல. மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆக்சிடென்ட். காங்கயம் ரோட்டுல ஒறம்பரை, சொந்தக்காரங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிட்டு மத்தியானம் திரும்பி வந்துக்கிட்டிருந்தோம். ரோட்டுல மணல் கிடந்துது. வண்டி சறுக்கிருச்சு. எனக்கு முழங்கைக்குக் கீழ சிராய்ப்பு, அதோட சரி. அவளுக்கு இடது கன்னம். காதுக்குக் கீழ ஆரம்பிச்சு வாயோரம் வரைக்கும் கல்லு கிழிச்சிருச்சுங்க. பதினாலு தையல்.

தையல் பிரிச்சதும் ஒரு ஜெல் குடுத்தாங்க, தடவித் தேச்சு விடுங்கன்னு. காலையில ஒரு தரம், ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு தரம் நாந்தான் தேச்சு விட்டேன். அவ சும்மா உக்காந்திருப்பா, டைம் டேபிள் எழுதிக்கிட்டு. மேடு கொஞ்சம் அமுங்குச்சு. ஆனா போகல. அப்பறந்தான் முதல் கிளினிக். அங்க டெர்மா ரோலர்னாங்க. சின்ன உருளை, சுத்தியும் ஊசி. கன்னத்துல மேலயும் கீழயும் ஓட்டுவாங்க. பொடிப்பொடியா ரத்தம் துளிர்க்கும். மூணு நாளு செவந்து கிடக்கும். அப்பறம் மாசம் ஒண்ணு காத்திருக்கணும்.

எதுக்குங்க புண்ணான இடத்துலயே மறுபடியும் குத்தறீங்கன்னு கேட்டேன். அந்த டாக்டர் நல்ல மனுஷன், பொறுமையாச் சொன்னாரு. தோலுக்குள்ள கொலாஜன்னு ஒண்ணு இருக்குதுங்க. துணிக்கு நூல் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். காயம் பட்டப்ப தோலு அவசர அவசரமா நூலை ஒரே பக்கமா இழுத்துத் தெச்சிருது. அதுதான் தழும்பு. தெச்சு முடிச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு விட்டுருது. நாம சின்னச் சின்னதாக் காயம் பண்ணினா, ஓஹோ இன்னும் வேலை இருக்குதுன்னு மறுபடி எந்திரிச்சு வந்து புது நூல் போட ஆரம்பிக்குமாம். ஊசியும் அதைத்தான் பண்ணுது, லேசரும் அதைத்தான் பண்ணுது. ஒண்ணு குத்தி எழுப்புது, ஒண்ணு சுட்டு எழுப்புது. எழுப்பினப்பறம் நூல் ஓட மூணு மாசம், ஆறு மாசம் ஆகுமுங்க. அதுக்குள்ள நாம பொறுமை கெட்டு இது சரியில்லன்னு மாத்திருவோம். நான் அப்படித்தான் மாத்தினேன்.

ரோலர் ஆறு தடவ. ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி ஜன்னலோரமா நிக்க வெச்சு போட்டோ எடுத்தேன். அதே ஜன்னல், அதே மணி, பின்னாடி ஒரு வெள்ளைத் துணி. இல்லீன்னா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாதுங்களே. நோட்டுல பாயிண்டும் போட்டேன். நீளத்துக்கு இத்தனை, பள்ளத்துக்கு இத்தனை, நிறத்துக்கு இத்தனைன்னு. ஆறு தடவைக்கு அப்பறம் கால்வாசி குறைஞ்சிருந்துது. வாணி கண்ணாடியப் பாத்துட்டு, "நல்லாத்தானே இருக்குது"ன்னா. நான் விடல.

அதுக்கப்பறம் கோயமுத்தூர். லேசர். அது பெரிய மிஷினுங்க. சுடறப்ப முடி பொசுங்கற மாதிரி ஒரு வாசம் வரும். அவ கையை நான் பிடிச்சுக்கிட்டேன், அவ விரலை இழுத்துக்கிட்டா. வலியில இழுத்துக்கிட்டா போலிருக்குது. கன்னம் முழுக்க புள்ளி புள்ளியாப் பொருக்குத் தட்டி, ஒரு வாரத்துல உதிர்ந்துது. மூணு தடவ. பள்ளம் நல்லாவே குறைஞ்சுதுங்க, அதை நான் மறைக்கல. ஆனா கருத்துப்போச்சு. நம்ம நிறத்துக்கு சில பேருக்கு அப்படி ஆகுமாம். வெயில்ல போகாதீங்கன்னாங்க. மூணாம் வகுப்பு டீச்சரு வெயில்ல போகாம இருக்க முடியுமுங்களா, காலையில பிரேயரே மைதானத்துலதான். அஞ்சு மாசம் தீஞ்ச தோசை ஒட்டின மாதிரி இருந்துது. அப்பறம் மெல்லத் தெளிஞ்சுது. அதனால உங்க பொண்ணுக்கு லேசர்னு சொன்னாங்கன்னா, முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு சின்ன இடத்துல பண்ணிப் பாக்க முடியுமான்னு கேளுங்க. நான் கேக்கல.

அந்தக் கருப்பு இருக்கறப்பத்தானுங்க ஒரு சங்கதி நடந்துது. எனக்கு இன்னும் ஆறல. ஒரு சனிக்கிழமை நானும் அவளும் உழவர் சந்தையில கத்திரிக்காய் பொறுக்கிக்கிட்டு நிக்கறோம். ஒரு சின்னப் பொண்ணு, அவங்க அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு வந்து, "மிஸ்"ங்குது. வாணியோட கிளாஸாம். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "மிஸ், இவருதான் போன் பேசின சாரா?"ங்குது.

எனக்கு ஒண்ணும் விளங்கல. அந்த அம்மா புள்ளையோட வாயைப் பொத்தறாங்க. வீட்டுக்கு வந்து கேட்டப்பறந்தான் தெரியுது. ஸ்கூல் தொறந்த முதல் நாளே புள்ளைங்க கேட்டிருக்குதுங்க, மிஸ் கன்னத்துல என்னன்னு. இவ என்ன பண்ணியிருக்கா, போர்டுல ரோடு வரைஞ்சு, வண்டி வரைஞ்சு, "எங்க வீட்டுக்காரர் போன் பேசிக்கிட்டே வண்டி ஓட்டினாரு, நாங்க விழுந்துட்டோம், நீங்க உங்க அப்பாகிட்டச் சொல்லுங்க, போன் பேசிக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னு"ன்னு பாடம் எடுத்திருக்கா. நாப்பது புள்ளைங்க. நாப்பது வீடு.

நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் புள்ளைங்ககிட்டச் சொல்றதுங்களா.

இல்ல, மணலும் கிடந்துதுங்க. மணல் இல்லாம இல்ல. போனும் வந்துது. கம்பெனியில இருந்து. ஒரு லாட்டு திரும்பி வந்துருச்சுன்னு சூப்பர்வைசர் கூப்பிட்டாப்ல. ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகிக்கிட்டேன். எல்லாரும்தானே சொருகறாங்க. பின்னாடி இருந்து அவ போனை வைங்க, போனை வைங்கன்னு சொல்லிக்கிட்டு வந்தா. வைக்கறேன் வைக்கறேன்னு நானும் சொன்னேன். வைக்கறதுக்குள்ள ஆயிப்போச்சு.

வெளிய நான் என்ன சொன்னேன்னா, நாய் குறுக்க வந்துருச்சுன்னு சொன்னேன். ஆஸ்பத்திரியில அத்தை, அதாவது வாணியோட அம்மா, பதறிப்போய் ஓடி வந்தாங்க. புடவை முழுக்க மாவு, அரைச்சுக்கிட்டிருந்ததை அப்படியே விட்டுட்டு வந்துட்டாங்க. என்னாச்சுங்க மாப்பிள்ளைன்னாங்க. அவங்க மூஞ்சியப் பாத்துட்டு போன்னு எப்படிங்க சொல்றது. நாய்னு வந்துருச்சு. ஒரு தடவ வந்துட்டா அப்பறம் அதேதானுங்களே. கம்பெனியில நாய், ஒறம்பரைக்கு நாய். வாணி மயக்கம் தெளிஞ்சு வந்து நான் நாய்னு சொல்றதைக் கேட்டா. ஒண்ணும் சொல்லல. வாயத் தொறக்க முடியாம தையல் போட்டிருந்துது. அப்பறமும் சொல்லல. சரி, ஒத்துக்கிட்டான்னு நினைச்சேன்.

வண்டியில எனக்குப் பின்னாடி உக்கார்றதையும் அதோட விட்டுட்டா. பயம்னு நினைச்சேன். ஆனா அவளே ஸ்கூட்டர் கத்துக்கிட்டா. இப்ப எங்க போனாலும் அவதான் ஓட்டறா, நான் பின்னாடி. காலம் மாறிப்போச்சுன்னு நானும் விட்டுட்டேன்.

எங்க விட்டேன். ஆமாங்க, ரத்தம். லேசருக்கு அப்பறம் ரத்தம் எடுக்கறது. கையில இருந்து ரெண்டு குழாய் ரத்தம் எடுத்து, மிஷின்ல சுத்த விட்டு, மேல தெளியற மஞ்சத் தண்ணிய கன்னத்துல ஊசியோட சேத்து இறக்குவாங்க. நம்ம ரத்தம், நமக்கே மருந்து. அது நாலு தடவ. அதோட பலன் எவ்வளவு, ஊசியோட பலன் எவ்வளவுன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலீங்க. ஆனா ஆறினது சீக்கிரம் ஆறுச்சு. கடைசியா இந்தக் கிளினிக். இங்க இருக்கற மிஷின்ல ஊசி முனையில மட்டும் சூடு. மேல்தோல் அவ்வளவா சுடாது, உள்ளதான் சுடும். அதனால கருக்கறது குறைவு. உங்க பொண்ணுக்கும் அதுதான்னா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பயமில்லீங்க. நாலு தடவ அது.

நாலாவது முடிஞ்சப்ப டாக்டரம்மா வாணியக் கேட்டாங்க, "உங்களுக்கு இன்னும் எவ்வளவு குறையணும்?"னு. வாணி சொல்றா, "எனக்குப் போன வருஷமே போதுமுங்க டாக்டர். அவரைக் கேளுங்க." டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. நான் போன்ல போட்டோவை வரிசையா எடுத்து வெச்சு, இந்த வாயோரத்துல மட்டும் இன்னும் ஒரு இழுப்பு இருக்குதுங்கன்னேன். அவங்க போட்டோவைப் பாக்கவே இல்ல. "இதுக்கு மேல பண்றது அவங்களுக்கு வலிதான். அவங்க முகம், அவங்க போதும்ங்கறாங்க"ன்னு பைலை மூடிட்டாங்க.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஒப்பல. வாயோரம்தானுங்க பாக்கி. அவ சிரிச்சா அந்த இடம் மட்டும் வராது. நான் என்ன பண்ணினேன், ஆன்லைன்ல ஒரு ரோலர் வாங்கினேன். வீட்டுக்குன்னு விக்கறதுலயே பெரிய ஊசி வெச்சது. போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு காலையில, டிபன் சாப்பிட்டு முடிச்சதும், மேசை மேல வெச்சு, வாணி, வீட்டுலயே கொஞ்சங் கொஞ்சமா நானே ஓட்டி விடறேன்னேன்.

அவ அதைக் கையில எடுத்துத் திருப்பிப் பாத்தா. கோவிச்சுக்குவான்னு நினைச்சேன். கோவிக்கல. "முதல்ல உங்க கையில ஓட்டிக் காமிங்க"ன்னு என்கிட்ட நீட்டினா. எனக்குந்தான் முழங்கைக்குக் கீழ அன்னிக்கு விழுந்த வடு இருக்குதே. சரின்னு சட்டைய மடிச்சு விட்டு ஓட்டினேன். க்ரீம் எதுவும் இல்ல. அப்படியேதான்.

நெருப்புங்க. மூணு தரம் ஓட்டினேன், கண்ணுல தண்ணி முட்டிருச்சு. ரத்தம் துளிர்க்குது. எதிர்ல நாற்காலியப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. சாவகாசமாச் சொல்றா, "எனக்குப் பதினேழு தடவ."

அவ எண்ணி வெச்சிருக்கான்னே எனக்குத் தெரியாது. நான் மனசுக்குள்ள கூட்டிப் பாத்தேன். ஆறு, மூணு, நாலு, நாலு. சரிதான்.

அப்பறம் கேக்கறா, "அன்னிக்கு வண்டியில உங்ககிட்ட நான் எத்தனை தடவ சொன்னேன், ஞாபகம் இருக்குதுங்களா?"

நான் ஏதாவது சொல்லியிருக்கணுமுங்க. அந்த நேரத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா. வாயில வந்துது. ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுங்களா, ரோலரைப் பாத்துக்கிட்டே, "இது கிளினிக்ல வெக்கற ஊசி அளவு இல்லடா வாணி, கொஞ்சம் சின்னதுதான்"னேன்.

எந்திரிச்சுப் போய் பஞ்சு எடுத்துட்டு வந்தா. என் கைய மடியில வெச்சு ஒத்தி விட்டா. ஒத்திக்கிட்டே சொன்னா: "எனக்கு நீங்க தோல சரி பண்ண வேண்டாமுங்க. எங்க அம்மாகிட்டப் போய் நாய் வரலைன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க. தினம் ஏழெட்டு நாய்க்குச் சோறு வெச்சுக்கிட்டிருந்தவங்க. மூணு வருஷமா நிறுத்திட்டாங்க. தெருவுல நாயைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க."

எனக்கு அது தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. அந்த வீட்டுக்குப் போறேன், வர்றேன், காபி குடிக்கறேன். வாசல்ல நாய் நிக்குதா இல்லியான்னு நான் எங்க பாத்தேன்.

முந்தாநேத்து சனிக்கிழமை பஸ் ஏறிக் காங்கயம், அத்தை வீட்டுக்குப் போனேன். கை அதுக்குள்ள வீங்கிருச்சு, துணி சுத்தியிருந்தேன். அத்தை பாத்ததும் என்னங்க மாப்பிள்ளை கையிலன்னாங்க. வேலி முள்ளு கிழிச்சிருச்சுங்கன்னேன். மோர் குடுத்தாங்க. சோறு போட்டாங்க. சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நாய்ப் பேச்சு எடுக்க வரல. கை கழுவறப்பத்தான், பின்னாடி நின்னு தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாங்க, மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல பாருங்க, அப்பத்தான் சொன்னேன். "அத்தை, அன்னிக்கு அந்த நாய் மேல தப்பு இல்லீங்க. அது பாட்டுக்கு ரோட்டோரமா நின்னுக்கிட்டுத்தான் இருந்துது"ன்னேன்.

அவ்வளவுதானுங்க வந்துது. பாதி. நாயே இல்லன்னு சொல்றதுக்கு நாக்கு எழல.

அத்தை சொம்பைக் கீழ வெச்சாங்க. "அப்படிங்களா மாப்பிள்ளை"ன்னு துண்டு எடுத்துக் குடுத்தாங்க. நான் கிளம்பி வந்துட்டேன். வாணிகிட்டச் சொல்லிட்டேன்னேன். பாதி சொன்னேன்னு சொல்லல.

இன்னிக்குக் காலையில என்னை இங்க இறக்கி விட அவதான் ஸ்கூட்டர் ஓட்டிட்டு வந்தா. ஆமாங்க, இன்னிக்கு நாந்தான் பேஷண்ட். இங்க பாருங்க, சீழ் வெச்சிருச்சு. வீட்டுல இந்த ரோலர் வேலையெல்லாம் வேண்டாமுங்க, உங்க பொண்ணுகிட்டயும் சொல்லி வைங்க. புஷ்பா தியேட்டர் சிக்னல்ல வண்டி நின்னப்ப வாணி சொல்றா, நேத்து அம்மா போன் பண்ணாங்கன்னு. மறுபடியும் நாய்க்குச் சோறு வெச்சாங்களாம். நான் சொன்னதை அப்படியே அவகிட்டச் சொல்லியிருக்காங்க, ரோட்டோரமா நின்ன நாயைப் பத்தி. இவ சிரிச்சுட்டு, நாயே வரலம்மா, போன் பேசினாருன்னு இருக்கா.

அதுக்கு அத்தை சொன்னாங்களாம்: "எனக்கு அன்னிக்கே தெரியும் சாமி. ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து உன்னைத் தள்ளிக்கிட்டு வர்றப்ப, மயக்கத்துல போனை வைங்க, போனை வைங்கன்னுதான் வாய்க்குள்ளயே முனகிக்கிட்டு வந்தே."

தெரியுமுங்க அவங்களுக்கு. தெரிஞ்சுக்கிட்டே மூணு வருஷம். அப்பறம் ஏம்மா நாய்க்குச் சோத்தை நிறுத்தினேன்னு இவ கேட்டதுக்கு, "மாப்பிள்ளை நாய்னு சொல்லிட்டாரு. நான் பாட்டுக்கு நாய்க்குச் சோறு வெச்சுக்கிட்டிருந்தா, அவரை நம்பலைன்னு ஊருக்குத் தெரிஞ்சு போயிராதா"ன்னாங்களாம்.

நான் பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். கண்ணாடியில அவ கன்னம் மட்டுந்தான் தெரிஞ்சுது. சிரிக்கறாளா, அழுவறாளான்னு தெரியல. சிக்னல்ல பச்சை விழுந்துருச்சு.

என்னமோ போங்க. கத்தியிருந்தாலும் பரவால்ல, ரெண்டு பேரும். ஒருத்தி புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறா. ஒருத்தி நாய்களைப் பட்டினி போடறா. நான் பாட்டுக்கு வாயோரத்துக்கு எத்தனை பாயிண்ட்னு நோட்டுல எழுதிக்கிட்டிருந்திருக்கேன். இப்ப நாந்தான் தனியாக் கிடக்கற மாதிரி இருக்குது. எனக்கு யார் மேல கோவம்னே தெரியலீங்க. அசதியா இருக்குது, அவ்வளவுதான்.

என் பேரைத்தான் கூப்பிடறாங்க. போறனுங்க. உங்க பொண்ணு வந்ததும் ஐஸ் வைக்கச் சொல்லுவாங்க, துணியில சுத்தி வைங்க, நேரா வைக்காதீங்க.

ஏனுங்க, பேனா இருக்குதுங்களா. இல்ல, இந்த பாரத்துல, காயம் எப்படி ஏற்பட்டதுன்னு ஒரு கட்டம் இருக்குது. வந்ததும் வராததுமா முள்ளு கிழிச்சதுன்னு எழுதிட்டேன். அடிச்சுட்டு எழுதணும்.

என்னன்னு எழுதறதுங்க. நானே பண்ணினதுன்னு எழுதினாப் போதுமுங்களா?